உட்கார்ந்தால் கேட்கும்

பொங்கல் கழிந்த வாரம் மருந்தகத்திலிருந்து நாற்காலிகளை எடுத்துக்கொண்டு போனார்கள்.

காரணம் சொன்னார்கள். வெளியே கூட்டம் நிற்கிறது, உள்ளே ஊழியர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யாரோ படம் எடுத்து இணையத்தில் போட்டிருந்தார். மந்தைவெளியில் அந்த மருத்துவமனைக்கு நல்ல பெயர் உண்டு. நிர்வாகம் பெயரைக் காப்பாற்றியது. நாற்காலிகள் எக்ஸ்ரே அறை வாசலுக்குப் போயின.

கண்ணாடி மட்டும் இருந்தது. கொரோனா காலத்தில் போட்டது. பேசுவதற்கு அதில் ஒரு வட்டத் துளை, மருந்து கொடுக்க அடியில் ஒரு சந்து. மருந்தகத்தின் தரை வெளித்தரையைவிட ஒரு படி உயரம். உள்ளே உட்கார்ந்திருப்பவரின் வாயும் வெளியே நிற்பவரின் காதும் ஒரே மட்டத்தில் வரும்படி துளையை வெட்டியிருந்தார்கள். நாற்காலிகளை எடுத்தபோது இதை யாரும் யோசிக்கவில்லை.

மருந்து கொடுக்கிற தஹ்சீன் நின்றபடி பேசினால் பேச்சு கண்ணாடியில் பட்டு அவள் முகத்துக்கே திரும்பியது. குனிந்தால் வெளியே போனது. முதலில் ஒவ்வொருவருக்கும் குனிந்தாள். எதை எப்போது சாப்பிட வேண்டும், எதைச் சாப்பிட்டால் தலை சுற்றும், எதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்று சொன்னாள். குனிந்து நிமிரும்போது இடுப்பில் ஒரு நரம்பு சுண்டியது. மாசியில் அது கால் வரை இறங்கியது. பங்குனியில் அவள் குனிவதைக் குறைத்தாள். சித்திரையில் நிறுத்திவிட்டாள்.

உறையின் மேல் பேனாவால் வட்டம் போட்டுக் கொடுத்தாள். மேலே போட்டால் காலை, கீழே போட்டால் இரவு. "சாப்பாட்டுக்கு அப்புறம்" என்று நின்றபடியே சொன்னாள். வெளியே இருப்பவர் தலையாட்டினார். காதில் விழாமல் ஆட்டுகிற தலையை அவளுக்குத் தெரியும். தெரிந்தே அடுத்த டோக்கனுக்கு மணியை அழுத்தினாள்.

வீட்டில் ஒருநாள் கணவன் ஆசிஃப், "அம்மா வீட்டுக்கு எப்பப் போகலாம்?" என்று கேட்டான். "சாப்பாட்டுக்கு அப்புறம்" என்றாள். அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

மே மாதத்தில் ஒரு நண்பகல். கீழ்த் தட்டிலிருந்து சிரப் பாட்டில் எடுக்கக் குனிந்த தஹ்சீனால் நிமிர முடியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள். அடுத்த ஜன்னலில் நின்ற ஜோதிலட்சுமி பார்த்தாள்.

"அக்கா, வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு."

மருந்தகப் பொறுப்பாளர் ஹரியும் பார்த்தார். நல்ல மனிதர். மேலே இருப்பவர்களுக்குப் பயப்படுகிறவர்.

"கொஞ்ச நேரம் போய் உக்காந்துட்டு வாங்க தஹ்சீன்."

"எங்க சார் உக்கார்றது?"

ஹரி மாடிப்படியைப் பார்த்தார். ஊழியர் அறை மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் நோயாளிகளுக்கு.

அவள் வெள்ளைக் கோட்டைக் கழற்றினாள். கோட்டோடு நோயாளிகளின் பெஞ்சில் உட்காரக் கூடாது என்பது விதி. முகக்கவசத்தையும் கழற்றிப் பைக்குள் வைத்தாள். வெளியே வந்து, தூணோரமாக இருந்த பெஞ்சில் பாதி இடம் காலியாக இருக்கக் கண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

பெஞ்சின் மறுபாதியில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் இருந்தாள். மடியில் மருத்துவமனைக் கோப்பு. காலடியில் ஒயர் கூடை. இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மூச்சின் கடைசியிலும் மெல்லிய விசில் கேட்டது.

அவள்தான் முதலில் பேசினாள்.

"இன்னாம்மா, இடுப்பா?"

"ஆமாம்மா."

"புள்ள பெத்த இடுப்பா, வேல செஞ்ச இடுப்பா?"

"நின்ன இடுப்பு."

"நிக்கிறதுக்குக் கூடவா சம்பளம் குடுக்கறாங்க?" சிரிக்கப் பார்த்தாள். இருமல் வந்தது. இருமி முடித்துவிட்டு, "தைலம் கீது. போடவா?" என்றாள்.

"வேணாம்மா. நீங்க மொதல்ல மூச்சு விடுங்க."

"அதுக்குத்தான் உக்காந்துனு கீறேன். கொஞ்சம் அடங்கிச்சுன்னா பஸ் ஸ்டாண்டு வரிக்கும் பூடுவேன்."

தஹ்சீன் கோப்பைப் பார்த்தாள். தேவானை என்று எழுதியிருந்தது. உள்ளே செருகியிருந்த இன்றைய மருந்துச் சீட்டின் முனை வெளியே தெரிந்தது.

"மருந்து வாங்கலையா?"

"வாங்கல." தேவானை குரலைத் தாழ்த்தினாள். "இனிமே வாங்கறதா இல்ல. உன்கிட்ட சொல்றதுக்கு இன்னா. ரெண்டு மாசமா துன்றேன். தண்ணி குடிச்ச மாரி கீது. இன்னிக்கு டாக்டரு இன்னும் பவரா எழுதிக் குட்த்தாரு. இதுக்கும் கேக்கலன்னா பெட்ல சேருன்றாரு. பெட்ல சேந்தா எவ சமைப்பா?"

"வீட்ல யாரும் இல்லையா?"

"என் வூட்லயா? என் வூட்ல யாரு துன்றா. அபிராமபுரத்துல ஒரு வூட்ல சமைக்கிறேன். முன்னாடி ஆத்தோரமா இருந்தோம். நடந்தே வந்துருவேன். இப்ப ஊருக்கு வெளிய, கவர்மெண்ட்ல மாடி வூடு குட்த்துக்கீறாங்க. ஏழாவது மாடி. ரெண்டு பஸ் மாறி வர்றேன். போன வாரம் தாளிக்கும்போது மூச்சு அட்ச்சிக்கினு கீழ உக்காந்துட்டேன். வூட்டம்மா நல்லவங்கதான். 'ரெஸ்ட் எடு தேவானை'ன்னு சொன்னாங்க." ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். "ரெஸ்ட்டுன்னா இன்னான்னு எனக்குத் தெரியாதா? வேற ஆளு பாத்துனு கீறாங்க."

 டோக்கன் மணி அடித்தது. ஒருவர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். ஜோதிலட்சுமி இரண்டு ஜன்னலுக்கும் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தாள்.

"மருந்து கொடுக்கும்போது எப்படிப் போடணும்னு சொன்னாங்களா?" என்று தஹ்சீன் கேட்டாள்.

"சொல்லிச்சு. அந்தக் கண்ணாடிக்குள்ள ஒரு பொண்ணு. மாஸ்க்கு மேலயும் கீழயும் போச்சு. சத்தம் வர்ல. மீன் தொட்டி மாரி."

"திருப்பிக் கேட்டிருக்கலாமே."

"கேக்கத்தான் வாயத் தொறந்தேன். அது கண்ணப் பாத்தேன்." தேவானை தலையை ஆட்டினாள். "சாவு வூட்டுக்குப் போயிட்டு நேரா வேலைக்கு வந்த மாரி ஒரு கண்ணு. இதுகிட்ட போயி இன்னொரு வாட்டி சொல்லுன்னு எப்புடிக் கேக்கறது? எனக்கு மூச்சுதான் வர்ல, அதுக்கு உசுரே இல்ல. சரிம்மான்னு சொல்லிட்டு வந்துட்டேன். பாவம், சின்னப் பொண்ணு. உன்ன மாரியே முக்காடு போட்டுக்கினு…"

அவள் நிறுத்தினாள். தஹ்சீனின் முகத்தைப் பார்த்தாள். கழுத்தைச் சற்றுச் சாய்த்து, கண்களை மட்டும் பார்த்தாள்.

"நீயா?"

"நான்தான்மா."

"அய்ய." தேவானை வாயைப் பொத்திக்கொண்டாள். "மீனுன்னு வேற சொல்லிட்டேன்."

"பரவால்ல."

"கோச்சிக்காத கண்ணு."

"கோவம் இல்லம்மா."

 டீக்காரர் கெட்டிலோடு வந்தார். தேவானை இரண்டு டீ வாங்கினாள். ஒன்றைத் தஹ்சீனின் கையில் வைத்தாள். பிறகு கூடைக்குள் கைவிட்டுத் துழாவி இன்ஹேலரை எடுத்தாள். கட்டைவிரல் பருமனில், வெள்ளையும் நீலமுமாக ஒரு பிளாஸ்டிக் குழாய்.

"மத்தியானத்துது இன்னும் துன்னல" என்றாள்.

குழாயை இழுத்துத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு கேப்சூலை உள்ளங்கையில் தட்டி, வாயில் போட்டு, டீயைக் குடித்து விழுங்கினாள். பிறகு குழாயை மூடிப் பத்திரமாகக் கூடையில் வைத்தாள்.

 தஹ்சீன் டீயைப் பெஞ்சில் வைத்தாள்.

"அம்மா, அந்தக் குழா எதுக்குன்னு நெனச்சீங்க?"

"மாத்தர டப்பாதான? வேல செய்யிற எடத்துக்கு எடுத்துனு போறதுக்கு. ஒண்ணு ஒண்ணாத்தான் புடிக்குது. சின்னதா பண்ட்டானுங்க." தஹ்சீனின் முகம் மாறியதைப் பார்த்தாள். "இன்னா?"

"அது டப்பா இல்லம்மா. மாத்திரைய அதுக்குள்ள போட்டுத் திருகினா அது ரெண்டா ஒடையும். உள்ள மாவு இருக்கும். குழாய வாயில வச்சு இழுத்தா அந்த மாவு நெஞ்சுக்குள்ள போகும். அதுதான் மருந்து. முழுங்கறதுக்கு இல்ல."

தேவானை அவளையே பார்த்தாள்.

"அப்ப நான் இத்தினி நாளா முழுங்குனது?"

"வயித்துக்குப் போச்சு. கெடுதல்னு பெருசா இல்ல. ஆனா போக வேண்டிய எடத்துக்குப் போகல."

திட்டுவாள் என்று தஹ்சீன் நினைத்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தேவானை குழாயை மறுபடி எடுத்து, முதல்முறை பார்ப்பவள்போல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அதான் விசில் மாரி வாய் வச்சிக்கீறானா" என்றாள். "பக்கத்து வூட்டுக் கொயந்த ஒருநாள் எடுத்து ஊதுச்சு. புடுங்கி வச்சேன். அதுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரில பாரு."

"அதுக்கும் தெரியல. ஊதக் கூடாது, இழுக்கணும். வாங்க, இப்பவே போட்டுப் பாக்கலாம்."

தேவானையின் கூடையில் இருந்த பட்டையிலிருந்து தஹ்சீன் ஒரு கேப்சூலை எடுத்துப் பொருத்திக் கொடுத்தாள். தேவானை திருகினாள். உள்ளே டக்கென்று உடைந்தது. குழாயை வாயில் வைத்தாள். கன்னம் உப்பியது. தஹ்சீனின் முக்காட்டில் வெள்ளை மாவு படிந்தது.

"இழுக்கணும்மா."

"பழக்கதோஷம். அடுப்பு ஊதுன வாயி."

"பீடி பிடிக்கிற மாதிரி நெனச்சுக்கோங்க."

"பாய் வூட்டுப் பொண்ணு எனக்கு பீடி கத்துக் குடுக்குது" என்றாள் தேவானை. சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமானது. தஹ்சீன் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அடங்கியதும் இன்னொரு கேப்சூலைப் பொருத்தினாள்.

"முழுசா மூச்ச வெளிய விட்டுருங்க. குழாய்க்குள்ள விடாதீங்க, தள்ளி விடுங்க. இப்ப வாயில வச்சு, ஒரே இழுப்பு. உள்ளயே வச்சிருங்க. வச்சிருங்க. இப்ப விடலாம்."

தேவானை விட்டாள். கண்ணில் நீர் வந்திருந்தது.

"நாக்குல இனிப்பா கீது."

"அது சரியாப் போயிருக்குன்னு அர்த்தம். இப்ப வாய்க் கொப்புளிச்சுத் துப்பணும். ஒவ்வொரு தடவையும். இல்லன்னா வாய் புண்ணாகும்."

"இத்தினியும் அன்னிக்குச் சொன்னியா?"

தஹ்சீன் யோசித்தாள்.

"இல்லம்மா. 'காலைல ஒண்ணு, நைட்டு ஒண்ணு'ன்னு மட்டும் சொன்னேன்."

"நான் மத்தியானமும் ஒண்ணு போட்டுனு கீறேன்" என்றாள் தேவானை.

இருவரும் சீட்டு எழுதிய டாக்டர் முருகையனின் அறைக்குப் போனார்கள். அவர் கடைசி நோயாளியை அனுப்பிவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். தஹ்சீன் நடந்ததைச் சொன்னாள். அவர் சீட்டை வாங்கி, புதிதாக எழுதிய மாத்திரைகளைக் கோடு போட்டு அடித்தார்.

"மருந்தே உள்ள போகலைன்னா நான் பவரை ஏத்தி என்ன பிரயோஜனம்?" என்றார். "ரெண்டு வாரம் இதையே ஒழுங்கா இழுக்கட்டும். மூச்சு ரொம்ப முட்டினா காத்திருக்காம வரணும். ஏன், யாரும் சொல்லித் தரலையா?"

"நான்தான் சார் மருந்து கொடுத்தேன். சரியாச் சொல்லல. சொன்னதும் அவங்களுக்குக் கேக்கல."

டாக்டர் அவளைப் பார்த்தார். சீட்டை நீட்டியபடி ஏதோ சொல்ல வாயெடுத்தார். தேவானை முந்திக்கொண்டாள்.

"அத்த ஒண்ணும் சொல்லாத சார். அதுக்கு இடுப்பு முடில."

மருந்தகத்துக்குத் திரும்பியபோது வரிசை வாசல் வரை நீண்டிருந்தது. ஹரி தானே ஒரு ஜன்னலில் நின்று மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்.

"தஹ்சீன், கொஞ்ச நேரம்னுதானே சொன்னேன்? எவ்வளவு டோக்கன் நிக்குது பாருங்க."

"சார், ஒரு நிமிஷம் வெளிய வாங்க."

"இப்பவா?"

"இப்பத்தான்."

அவள் அப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. வெளியே வந்தார். அவரை ஜன்னலுக்கு முன்னால், வரிசையில் முதல் ஆளாக நிறுத்தினாள். பின்னால் நின்ற கிழவர், "யோவ், லைன்ல வாய்யா" என்றார். "ஒரு நிமிஷம் பெரியவரே" என்று தஹ்சீன் சொல்லிவிட்டு உள்ளே போனாள். முகக்கவசத்தை மாட்டிக்கொண்டாள். நின்றபடி, தினமும் பேசுகிற குரலில் பேசினாள்.

ஹரி கண்ணாடியைப் பார்த்தபடி நின்றார். பக்கத்து ஜன்னலில் ஒரு குழந்தை அழுதது. மணி அடித்தது. அவர் தலையாட்டினார்.

அவள் வெளியே வந்தாள்.

"நான் என்ன சொன்னேன் சார்?"

"ஏதோ… நைட்டுன்னு."

"எதுக்குத் தலையாட்டினீங்க?"

அவர் பின்னால் நின்ற வரிசையைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் உக்காந்தாத்தான் சார் அவங்களுக்குக் கேக்கும். இல்ல, ஆளாளுக்குக் குனியணும். என்னால இனிமே குனிய முடியாது. ஜோதியாலயும் ரொம்ப நாள் முடியாது."

ஹரி துளையைப் பார்த்தார். எத்தனையோ நாள் அதைக் கடந்து போயிருக்கிறார். இப்போதுதான் அது எந்த உயரத்தில் இருக்கிறதென்று பார்த்தார். கையை நீட்டி அதன் விளிம்பைத் தொட்டார். பிறகு கேன்டீன் பக்கம் நடந்தார்.

திரும்பி வந்தபோது கையில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. ஒன்றுதான் கிடைத்தது. அதை அவரே உள்ளே தூக்கிவைத்தார். தஹ்சீன் அதில் உட்கார்ந்து, முதலில் தேவானைக்கு இரண்டு வாரத்துக்கான கேப்சூல் பட்டைகளைக் கொடுத்தாள்.

சிறிது நேரத்தில் மேலிருந்து தொலைபேசி வந்தது. ஹரி சுவர்ப் பக்கம் திரும்பி நின்று பேசினார். காது சிவந்திருந்தது.

"ஆமா சார். தெரியும் சார். இல்ல சார், ஸ்டாஃபுக்கு இல்ல. பேஷன்ட்டுக்குத்தான். நீங்களே ஒரு தடவ கீழ வந்து வெளிய நின்னு பாருங்க சார்."

மறுமுனையில் என்ன சொன்னார்கள் என்று தெரியவில்லை. ரிசீவரை வைத்துவிட்டு அவர் அடுத்த டோக்கனுக்கு மணியை அழுத்தினார். நாற்காலியை யாரும் எடுக்க வரவில்லை. மறுநாளும் வரவில்லை. தஹ்சீனும் ஜோதிலட்சுமியும் மாறி மாறி உட்கார்ந்தார்கள். "நீங்க உக்காருங்கக்கா." "நீ உக்காரு." சிலநாள் அதற்கே ஒரு சண்டை நடந்தது.

உட்கார்ந்திருப்பவர் பேசினார். வெளியே இருப்பவர்கள் கேள்வி கேட்டார்கள். வரிசை முன்பைவிட மெதுவாக நகர்ந்தது. திட்டினார்கள். சிலர் திட்டிவிட்டு, தங்கள் முறை வந்ததும் அவர்களும் நின்று நிதானமாகக் கேட்டார்கள். இன்சுலினை வீட்டில் ஃப்ரீசருக்குள் வைத்திருந்த ஒருவர் சிக்கினார். தைராய்டு மாத்திரையைக் காபியோடு போட்டுக்கொண்டிருந்த ஒரு மாமி சிக்கினாள். "காபிக்கு முன்னாடி எழுந்திருக்கவே முடியாதேடீம்மா" என்று அந்த மாமி வருத்தப்பட்டாள்.

தஹ்சீனின் இடுப்பு வலி ஒரேயடியாகப் போய்விடவில்லை. மாலையில் படியிறங்கும்போது மட்டும் வந்தது.

இரண்டு வாரம் ஆயிற்று. தேவானை வரவில்லை.

குறித்த நாளில் தஹ்சீன் ஒவ்வொரு டோக்கனுக்கும் நிமிர்ந்து பார்த்தாள். மறுநாளும் பார்த்தாள். கேப்சூல் தீர்ந்திருக்கும். பழையபடி விழுங்கத் தொடங்கிவிட்டாளோ, இல்லை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டாளோ. மூச்சு முட்டி, ஏழாவது மாடியில், பக்கத்தில் யாரும் இல்லாமல் கிடக்கிறாளோ. அன்று பெஞ்சில் பார்த்த முகம் மட்டுமே அவளுக்கு நினைவிருந்தது. இரண்டு மாதம் முன்பு ஜன்னலில் மருந்து வாங்கிய முகத்தை எவ்வளவு முயன்றும் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை.

மூன்றாம் நாள் மாலை, கூட்டம் குறைந்ததும், கணினியில் தேவானையின் பெயரைத் தேடி எண்ணை எடுத்தாள். நோயாளிகளை ஊழியர்கள் கூப்பிடும் வழக்கம் அங்கே இல்லை. ஹரி பார்த்தார். தொலைபேசியை அவள் பக்கம் தள்ளி வைத்தார்.

மணி நெடுநேரம் அடித்தது. வைத்துவிடலாம் என்று நினைத்தபோது எடுத்தார்கள்.

"யாரு?"

"தேவானையம்மா, நான் மருந்துக் கடையிலேருந்து. தஹ்சீன்."

"யாரு கண்ணு? சரியா கேக்கல. படியில கீறேன்."

"மீன் தொட்டி."

"அய்ய, நீயா!" குரல் படிச்சுவர்களில் பட்டு எதிரொலித்தது. "வைக்காத, பேசு. கரண்ட்டு பூட்ச்சு, லிஃப்ட்டு இல்ல. ஏறிக்கினு கீறேன்."

"நின்னு பேசுங்கம்மா. ஏறும்போது பேசாதீங்க."

"நின்னா இருட்டிடும். சொல்லு."

"மருந்து வாங்க வரலையே."

"எங்க வர்றது? வூட்டம்மா திருப்பிக் கூப்ட்டுக்கினாங்க. வந்த ஆளு ரசத்துல வெல்லம் போட்டாளாம். லீவு கேக்க மூஞ்சி இல்ல. பழசுல மிச்சமும் அன்னிக்கு நீ குட்த்த பட்டையும் சேத்து இன்னும் ரெண்டு நாளைக்கு வரும். மத்தியானத்துத நிறுத்திட்டேன் இல்ல? சனிக்கிழமை வேல முடிச்சி நேரா வரேன்."

"இழுக்கறீங்களா?"

"இழுக்கறேன், கொப்பளிக்கிறேன், துப்பறேன். மேல் வூட்டுக்காரி மசக்கையான்னு கேக்குறா."

தஹ்சீன் சிரித்தாள். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு ரிசீவரைக் காதோடு அழுத்தினாள். மறுமுனையில் செருப்பு படியில் பட்டுப் பட்டு ஏறியது. வளையல் கைப்பிடியில் உரசியது. யாரோ இறங்கி வந்தார்கள். "குடத்த ஓரமா எடுத்துனு போ, தண்ணிய ஊத்தி வெச்சிக்கிறியே" என்று தேவானை அதட்டினாள். அந்தச் சத்தங்களுக்கு நடுவில் மூச்சு கேட்டது. வேகமாகத்தான் இருந்தது. யாருக்கும் மாடி ஏறினால் வாங்குகிற மூச்சு. அதன் கடைசியில் விசில் வருகிறதா என்று அவள் காத்திருந்தாள். ஒரு மூச்சு போனது. அடுத்தது போனது.

வெளியே ஒருவர் ஜன்னலைத் தட்டினார். ஹரி, இருங்கள் என்று அவருக்குக் கை காட்டினார்.

"இன்னா கண்ணு, லைன்ல கீறியா?"

"இருக்கேம்மா. ஏறுங்க."